மோட்டார் எரிந்த அன்றுதான் முடிவெடுக்கிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 14 அன்று தேசிய எரிசக்தி சேமிப்பு நாள் வருகிறது. அதையொட்டி ஒரு வாரம் பேரணி நடக்கிறது, துண்டறிக்கை கொடுக்கிறார்கள், நாளிதழ்களில் ஆலோசனைகள் வருகின்றன. பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுத் திறன்மிக்க புது மோட்டாரைப் பொருத்துங்கள் என்ற வரி அவற்றில் தவறாமல் இருக்கும். நல்ல ஆலோசனைதான். ஆனால் கிராமத்தில் மாவு மில்லும் எண்ணெய்ச் செக்கும் மர அறுவைப் பட்டறையும் நடத்துகிறவர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று கேட்டால், அவர்களுக்கு விழிப்புணர்வு போதாது என்ற ஒரே பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதில் தவறானது. அது தவறு என்பதால் அதை நம்பித் தீட்டப்படும் திட்டங்களும் எங்களை வந்து சேர்வதில்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் மாவு மில் நடத்துகிறேன். என் மாமனார் வைத்த மில். அவருக்குப் பின் கணவர் வயலைப் பார்த்துக்கொள்ள, மில் என் பொறுப்புக்கு வந்தது. மிளகாய், மல்லி, மஞ்சள் அரைக்கும் பல்வரைசருக்கு 10 குதிரைத்திறன் மோட்டார். அரிசி, கோதுமை, கேழ்வரகு அரைக்கும் கல் மெஷினுக்கு ஏழரை. கணக்கு எழுதுவதும் மின்கட்டணம் கட்டுவதும் நான்தான். ஆண்டுக்கு லட்ச ரூபாயைத் தொடுகிறது மின்கட்டணம். அரவைக் கூலியில் வருகிற பணத்தில் இதைவிடப் பெரிய செலவு வேறு எதுவும் இல்லை. ஒரு யூனிட் குறைந்தால் அந்தக் காசு நேராக என் கைக்கு வருகிறது. மாதச் சம்பளம் வாங்குகிற எவரையும்விட மின்சாரத்தின் விலை எனக்கு நன்றாகத் தெரியும்.

கைக்கு எட்டுகிற சிக்கனத்தை எல்லாம் எங்களைப் போன்றவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். கல் மழுங்கினால் மாவு சூடாக விழும், ஆம்ப்ஸ் மீட்டரின் முள் மேலே ஏறும். அப்போதே கல்லைப் பிரித்துக் கொத்திவிட வேண்டும். கொத்துகிற ஆள் வர நான்கு நாள் ஆனால் அந்த நான்கு நாளும் மின்சாரம் வீண். பெல்ட்டில் ஒன்று அறுந்தால் மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதியது ஒன்றும் பழையது இரண்டுமாகப் போட்டால் பாரம் முழுவதும் புதியதன் மேல் விழும், பழைய இரண்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும். மிளகாய் நன்றாகக் காயாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஈர மிளகாய் ஜல்லடையை அடைத்துக்கொள்ளும், அரை மணி நேர வேலை ஒரு மணி நேரம் இழுக்கும். விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றி ஆண்டுகள் ஆகிவிட்டன. இதற்கெல்லாம் எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

மிச்சம் இருப்பது மோட்டார். மில்லின் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் அதற்குத்தான் போகிறது. அங்கேதான் நாங்கள் தோற்கிறோம்.

கிராமத்து மில்லில் மோட்டார் எப்போது மாற்றப்படுகிறது என்பதை அதிகாரிகள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஓடுகிற மோட்டாரை யாரும் கழற்றுவதில்லை. அது எரிந்த அன்றுதான் கழற்றுகிறோம். அடுத்தது என்ன என்ற முடிவையும் அந்த ஒரு நாளில், பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரத்தில், எடுத்துவிடுகிறோம். எரிசக்திச் சிக்கனம் பற்றிய எல்லாப் பேச்சும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் உதவ வேண்டும். உதவாவிட்டால் அடுத்த வாய்ப்பு மறுபடியும் எரிகிறபோதுதான்.

அது எப்போது எரிகிறது என்பதற்கும் கணக்கு உண்டு. மாசி பிற்பாதியிலிருந்து சித்திரை முடியும் வரை எங்களுக்குச் சீசன். வெயிலில் மிளகாயையும் மல்லியையும் காயவைத்து, ஆண்டு முழுவதற்குமான குழம்புத்தூளை அரைத்து வைக்கிற காலம். ஆறேழு ஊர்ப் பெண்கள் பையும் தூக்குமாக வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதே பங்குனி, சித்திரையில்தான் கோடை நெல்லுக்கும் முன்பட்டக் குறுவைக்கும் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்கள் ஓடுகின்றன. மேட்டூர் அணை திறக்க ஜூன் 12 வரை காத்திருக்க வேண்டும் என்பதால் அதுவரை நிலத்தடி நீர்தான் கதி. வீடுகளில் ஏ.சி. வேறு பெருகிவிட்டது. எங்கள் ஊரோ மின்கம்பியின் கடைக்கோடி. டிரான்ஸ்பார்மரிலிருந்து தூரம் போகப் போக அழுத்தம் குறைவது இயற்கை.

மும்முனை இணைப்பில் 415 வோல்ட் வர வேண்டும். ஆறு சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது விதி. அப்படிப் பார்த்தால் 390க்குக் கீழே இறங்கவே கூடாது. சித்திரை மாத மாலைகளில் என் மில்லின் வோல்ட் மீட்டர் 350க்கும் 360க்கும் இடையே நிற்கும். அழுத்தம் குறைந்தால் அதே வேலையைச் செய்ய மோட்டார் கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கிறது. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக்கம்பிக் காயிலில் உண்டாகும் சூடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். அந்தச் சூடு முழுவதும் மீட்டரில் ஓடிய யூனிட். அரைபட்ட மிளகாய்க்கு அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் பணம் கட்டியாக வேண்டும். சூடு அதிகமானால் ஸ்டார்ட்டரில் இருக்கும் ரிலே மோட்டாரை நிறுத்திவிடும். நிறுத்த வேண்டியதுதான், அது அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றால் வரிசையில் இருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? பல மில்களில் ரிலேயின் திருகை மேலே ஏற்றி வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு மோட்டாருக்குக் காவல் இல்லை. ஒரு ஃபேஸ் போனாலும் மற்ற இரண்டில் இழுத்துக்கொண்டு ஓடி எரிந்துபோகும்.

இதற்குக் கிராமங்களில் கண்டுபிடித்திருக்கும் வழி இன்னும் மோசம். 10 குதிரைத்திறன் எரிகிறதா, 15 போடு என்கிறார்கள். பெரிய மோட்டார் குறைந்த அழுத்தத்தையும் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மற்ற பத்து மாதமும் அது பாதிப் பாரத்தில் ஓடுகிறது, மின்திறன் காரணி (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) விழுகிறது, கெப்பாசிட்டர் போட வேண்டியிருக்கிறது, அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் கூட்டச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது, நிலைக்கட்டணமும் கூடுகிறது. இதைச் செய்கிறவர்கள் அறியாமல் செய்யவில்லை. கம்பியில் வருகிற மின்சாரம் அப்படி இருப்பதால் செய்கிறார்கள்.

இப்போது மோட்டார் எரிந்த நாளுக்கு வருகிறேன். முதலில் வார்னிஷ் கருகுகிற நெடி அடிக்கும். மிளகாய் நெடிக்கு நடுவிலும் அது தனியாகத் தெரியும். மெயினை அணைத்துவிட்டு வரிசையில் இருப்பவர்களிடம் சொன்னால், பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் மில்லுக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மிளகாயைக் காயவைத்து, வறுத்து எடுத்து வந்திருக்கிறார்கள்; திரும்பக் கொண்டுபோனால் நமுத்துவிடும். ஆனால் ஒருமுறை அங்கே போனவர் அடுத்த ஆண்டும் அங்கேதான் போவார். அதனால் மறுநாள் காலை மில் ஓடியாக வேண்டும் என்பது தவிர வேறு நினைப்பே மனத்தில் நிற்காது. புல்லியைக் கழற்றி, மோட்டாரை நான்கு பேர் சேர்ந்து சரக்கு ஆட்டோவில் ஏற்றி, எரிந்த காயிலை எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கட்டும் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகிறோம். "அக்கா, விடியற்காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார் கடைக்காரர். சொன்னபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்து கட்டிக் கொடுத்துவிடுவார். அவர் மட்டும் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் பாதி மில்கள் என்றோ மூடியிருக்கும்.

அவர் கடையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். எரிந்த காயில் வார்னிஷோடு சேர்ந்து கல்போல் இறுகியிருக்கும், சும்மா இழுத்தால் வராது. அதனால் காயில் பதிந்திருக்கும், சுழலாத இரும்புப் பகுதியான ஸ்டேட்டரைக் கடைக்குப் பின்னால் வைத்து, பழைய ஆயிலில் தோய்த்த துணியும் கொட்டாங்கச்சியும் போட்டுக் கொளுத்துகிறார்கள். வார்னிஷ் சாம்பலானதும் செம்பை உளியால் வெட்டி உருவிவிடலாம். அரை மணி நேர வேலை. ஆனால் ஸ்டேட்டர் என்பது ஒரே இரும்புக் கட்டி கிடையாது. மெல்லிய தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இடையே மின்காப்புப் பூச்சு கொடுத்துச் செய்தது. அடங்காத தீயில் வைத்தால் அந்தப் பூச்சும் கருகிவிடும். அதன்பின் தகடுகளுக்குள் தேவையற்ற மின்னோட்டம் சுற்றும், மோட்டார் சும்மா சுழன்றாலே இரும்பு சுடும். காயிலுக்கான கம்பியும் சில சமயம் மாறிப்போகிறது. 17 கேஜ் இருந்த இடத்தில் அது கடையில் இல்லையென்று 18 போட்டால் கம்பி மெலிந்துவிட்டது என்று பொருள். மெலிந்த கம்பியில் தடை அதிகம், சூடு அதிகம். இப்படி ஒவ்வொரு முறை கட்டும்போதும் திறனில் ஒன்று, இரண்டு சதவீதம் போய்விடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. புதுப் பெயின்ட் அடித்து, பேரிங் மாற்றி, அழகாக ஓடும். மின்கட்டணத்தில் மட்டும் தெரியும், அதுவும் கூர்ந்து பார்ப்பவருக்குத்தான்.

இதை முறையாகவும் செய்யலாம். சுமார் 360 டிகிரியைத் தாண்டாத சூட்டு அடுப்பில் வைத்து வார்னிஷைப் பிரித்து, பழைய கம்பியின் அளவும் சுற்றும் மாறாமல் கட்டினால் திறன் பெரிதாகக் குறையாது. அந்த அடுப்பு எங்கள் பக்கத்து வைண்டிங் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. கடைக்காரத் தம்பியிடம் கேட்டேன். "அடுப்பு வாங்கலாம் அக்கா, அதில் வைத்தால் ராத்திரிக்குள் ஆறாது, நீங்கள் காலையில் வந்து நிற்பீர்களே" என்றார். அவர் சொன்னது நியாயம். அவசரம் எங்களுடையது.

புது மோட்டாருக்கான கணக்கையும் எழுதிப் பார்த்திருக்கிறேன். 10 குதிரைத்திறன், அதாவது 7.5 கிலோவாட், நான்கு துருவ மோட்டாருக்கு, ஐ.இ. என்ற திறன் தரவரிசைப்படி (எண் கூடக் கூடத் திறன் கூடும்), ஐ.இ.1 தரத்தில் 86 சதவீதமும் ஐ.இ.2 தரத்தில் 88.7 சதவீதமும் ஐ.இ.3 தரத்தில் 90.4 சதவீதமும் திறன் இருக்க வேண்டும். மாமனார் வாங்கியது இந்தத் தரவரிசை வருவதற்கு முந்தைய மோட்டார். பலமுறை காயில் கட்டிய பிறகு அதன் திறன் 83 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தண்டில் 6 கிலோவாட் வேலை வாங்க அது 7.2 கிலோவாட் இழுக்கும், ஐ.இ.3 மோட்டார் 6.6 இழுக்கும். மணிக்கு 0.6 யூனிட் மிச்சம். ஆண்டுக்கு 1,500 மணி நேரம் ஓடினால் 900 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் 7,200 ரூபாய். காயில் கட்ட எங்கள் பக்கம் ஏழு, எட்டாயிரம் கேட்கிறார்கள். நல்ல ஐ.இ.3 மோட்டார் 35,000 ரூபாய்க்குக் குறையாது. கூடுதலாகப் போடும் பணம் திரும்ப நான்கு ஆண்டு ஆகும். இருபது ஆண்டு உழைக்கும் பொருளுக்கு நான்கு ஆண்டு ஒன்றும் அதிகமில்லை. ஆனால் இதே மோட்டார் ஒரு நூற்பாலையில் இரவும் பகலும் ஓடினால் போட்ட பணம் முழுவதும் ஓர் ஆண்டுக்குள் திரும்பிவிடும். அதனால்தான் விற்பவரும் கடன் கொடுப்பவரும் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று எரிசக்தித் தணிக்கை செய்பவரும் அங்கே போகிறார்கள், எங்கள் பக்கம் திரும்புவதில்லை.

சரி, நான்கு ஆண்டு பொறுத்துக்கொள்கிறேன், இன்றே வாங்குகிறேன் என்று கிளம்பினாலும் எரிந்த நாளில் வாங்க முடிவதில்லை. கும்பகோணத்தில் கேட்டால் ஐ.இ.2 கையிருப்பில் இருக்கிறது, ஐ.இ.3 வேண்டுமென்றால் நான்கு நாளில் வரவழைத்துத் தருகிறோம் என்பார்கள். வந்தாலும் பழைய மோட்டாரின் அடிக்கட்டை அளவு வேறு, புதியதன் அளவு வேறு. கீழே இருக்கும் இரும்புத் தண்டவாளத்தை மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். புல்லியின் துளை தண்டுக்குப் பொருந்தாது, லேத் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஆக ஒரு வாரம். சித்திரையில் ஒரு வாரம் மில் நின்றால் போகும் கூலி, அந்த மோட்டார் ஓர் ஆண்டில் மிச்சம் பிடிக்கப்போகும் தொகையைவிட அதிகம். இந்த ஒரு வரியை எந்த விழிப்புணர்வுத் துண்டறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

இன்னொன்று, 18 சதவீத ஜி.எஸ்.டி. பெரிய ஆலைக்கு அந்த வரி, கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் குறைவான, பதிவு செய்யாத கூலி அரவை மில்லுக்கு அது திரும்பாது. அதே மோட்டாரை ஆலைக்காரரைவிட நான் 18 சதவீதம் கூடுதல் விலைக்கு வாங்குகிறேன்.

எரிவதற்கு முன்பே, ஐப்பசி கார்த்திகையில் வேலை இல்லாதபோது நிதானமாக மாற்றலாமே என்று கேட்பார்கள். மாற்றலாம். ஆனால் மழைக்காலத்தில் மில்லில் வரவும் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு மில்லை மெஷினோடு சேர்த்துக் குத்தகைக்கு எடுத்து ஒருவர் நடத்துகிறார். மின்கட்டணம் கட்டுவது குத்தகைக்காரர், மோட்டார் சொந்தக்காரருடையது. சொந்தக்காரர் புது மோட்டார் வாங்கினால் லாபம் குத்தகைக்காரருக்கு. குத்தகைக்காரர் வாங்கினால் குத்தகை முடிகிற அன்று மோட்டாரை விட்டுவிட்டுப் போக வேண்டும். இருவரும் நல்லவர்கள்தான், இருவருமே வாங்க மாட்டார்கள். சொந்த மில் வைத்திருப்பவர்களுக்கோ பிள்ளைகள் சென்னையிலும் ஓசூரிலும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாக்கெட் மிளகாய்த்தூள் வந்த பிறகு அரவையும் குறைந்துகொண்டே வருகிறது. பத்து ஆண்டு கழித்து இந்த மில் இருக்குமா என்று தெரியாத ஒருவரிடம் இருபது ஆண்டு மோட்டாரை வாங்கச் சொல்கிறோம்.

திட்டங்களே இல்லை என்று சொல்லவில்லை. தமிழக அரசின் சிறுதொழில் துறை, மாவட்டத் தொழில் மையம் வழியாக எரிசக்தித் தணிக்கைச் செலவிலும் திறன்மிக்க இயந்திரத்தின் விலையிலும் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. மத்திய மின் அமைச்சகம் 2025 ஜூலையில் 1,000 கோடி ரூபாயில் தொடங்கிய அடீட்டி திட்டத்தில் குறு, சிறு நிறுவனங்கள் வாங்கும் கடனுக்கு 5 சதவீத வட்டிச் சலுகை உண்டு. 14 தொழில் துறைகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், உணவுப் பதப்படுத்துதலும் அதில் இருக்கிறது. படித்தபோது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் இரண்டுமே முதலில் தணிக்கை கேட்கின்றன. சான்று பெற்ற தணிக்கையாளர் சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ வந்து இரண்டு மோட்டார்களை அளந்து அறிக்கை எழுத வாங்கும் கட்டணத்தில் ஒரு மோட்டாரே வாங்கிவிடலாம். முதலாவது திட்டத்தில் நான் முதலில் முழுப் பணத்தையும் போட்டு வாங்கிய பிறகுதான் மானியம். இரண்டாவது, தொழில் தொகுப்புகளாகப் பார்த்து முதற்கட்டமாக 60 தொகுப்புகளில் தொடங்கியிருக்கிறது. ஊருக்கு ஒன்றாகத் தனித்து நிற்கும் மாவு மில் எந்தத் தொகுப்பில் சேரும்? எல்லாவற்றுக்கும் மேலாக, விண்ணப்பம் போட்டு, பார்வையிட்டு, ஒப்புதல் வர மாதங்கள் ஆகும். என் மோட்டார் இன்று மாலை எரிந்திருக்கிறது.

பெயர் மாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராமத்து மில்களில் பலவற்றின் மின் இணைப்பு இறந்துபோனவர்கள் பெயரில் இருக்கிறது. எங்களுடையதும் நெடுங்காலம் மாமனார் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று வேண்டும், உடன்பிறந்தார் அனைவரிடமும் ஆட்சேபம் இல்லை என்ற கையெழுத்து வேண்டும். நாத்தனார்களில் ஒருவர் மகளோடு வெளிநாட்டில் இருந்தார். இதெல்லாம் முடியாமல் கடனும் இல்லை, மானியமும் இல்லை. கட்டணத்தை மட்டும் யார் பெயரில் இருந்தாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

கட்டணத்தின் அமைப்பும் சிக்கனத்துக்கு எதிராகவே போகிறது. 2022 செப்டம்பர் 10 முதல் கட்டணம் மாறியபோது யூனிட் விலையோடு நிலைக்கட்டணமும் ஏறியது. நிலைக்கட்டணம் என்பது ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. மொத்தத் தொகையில் அதன் பங்கு கூடக் கூட, யூனிட்டைக் குறைப்பதால் எனக்குக் கிடைக்கும் பலன் சுருங்குகிறது.

அரசிடம் கேட்பது மானியத்தைக் கூட்டுங்கள் என்று இல்லை. இருக்கிற பணத்தை எரிந்த நாளுக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஊர் டிரான்ஸ்பார்மர் எரிந்தால் என்ன செய்கிறார்கள்? வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எரிந்ததைப் பழுதுபார்க்க எடுத்துப் போகிறார்கள். அதே ஏற்பாடு மோட்டாருக்கும் முடியும். வட்டத்துக்கு ஓர் இடத்தில், வைண்டிங் கடையிலேயே வைக்கலாம், 5, ஏழரை, 10 குதிரைத்திறன் ஐ.இ.3 மோட்டார்கள் சில கையிருப்பில் இருக்கட்டும். மில்களில் ஓடுபவை பெரும்பாலும் இந்த மூன்று அளவுகள்தான். எரிந்ததைக் கொடுத்துவிட்டுப் புதியதை அன்றே எடுத்துப்போகலாம். எரிந்த மோட்டாரின் செம்புக்கும் இரும்புக்கும் உள்ள விலையைக் கழித்துக்கொண்டு, மீதியை மின்கட்டணத்தோடு தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும். மத்திய அரசு 2015இல் உஜாலா திட்டத்தில் எல்.இ.டி. பல்பு கொடுத்தபோது சில மாநிலங்களில் விலையை மின்கட்டணத்தோடு தவணையாக வாங்கினார்கள். பத்து ரூபாய்த் தவணைக்குச் செய்ய முடிந்ததை அறுநூறு ரூபாய்த் தவணைக்கும் செய்யலாம். மாதம் அறுநூறு ரூபாய் என்பது அந்த மோட்டார் மிச்சப்படுத்திக் கொடுக்கும் தொகைதான், தனியாக என் கையிலிருந்து போகாது. இதற்குத் தணிக்கையும் தேவையில்லை. பலமுறை காயில் கட்டிய பழைய மோட்டாரைவிடப் புது ஐ.இ.3 திறன் கூடியது என்பதைச் சொல்ல அறிக்கை எதற்கு? அதோடு தண்டவாளத்தையும் புல்லியையும் பொருத்திக் கொடுக்கும் வேலையும் அந்த விலைக்குள் அடங்க வேண்டும். அது இல்லாவிட்டால் மோட்டார் வாசலில் கிடக்கும், மில் ஓடாது.

வைண்டிங் கடைகளை எதிராளியாகப் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். மோட்டார் விஷயத்தில் கிராமம் நம்புகிற ஒரே ஆலோசகர் வைண்டிங் கடைக்காரர்தான். புதிதாக விற்கும் மோட்டாருக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை இருக்கிறது. திரும்பத் திரும்பக் காயில் கட்டி ஓடும் மோட்டாருக்கு அப்படி எதுவும் இல்லை. அந்தக் கடைகளுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் அடுப்பும், தகடுகளின் இழப்பை அளக்கும் கருவியும், எல்லா கேஜிலும் நல்ல செம்புக்கம்பியும் கிடைக்கச் செய்யுங்கள். மாற்று மோட்டார் கையில் இருந்தால் அவருக்கும் ராத்திரியோடு ராத்திரியாகக் கொளுத்த வேண்டிய அவசரம் இருக்காது. மோட்டாரைப் பொருத்தித் தருவதற்கு அவருக்கு ஒரு தொகை கொடுத்தால் அவர் பிழைப்பும் போகாது.

கடைசியாக மின்னழுத்தம். ஸ்மார்ட் மீட்டர் வரப்போகிறது என்கிறார்கள். அது யூனிட்டோடு வோல்ட்டையும் பதிவுசெய்யும். அந்தப் பதிவை நுகர்வோருக்கும் காட்ட வேண்டும். 360 வோல்ட்டில் புது ஐ.இ.3 மோட்டாரும் சூடேறத்தான் செய்யும். கடைக்கோடி ஊர்களில் எந்த மாதம், எந்த நேரத்தில் அழுத்தம் விழுகிறது என்பது கையில் இருந்தால் எங்கே டிரான்ஸ்பார்மர் கூடுதலாக வேண்டும், எங்கே கம்பியைத் தடிப்பாக்க வேண்டும் என்று வரிசைப்படுத்தலாம். வேளாண் பம்புசெட்டுகளுக்கும் அதனால் ஆயுள் கூடும்.

இதை மாநிலம் முழுவதும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்றில்லை. வரும் மாசிக்குள் ஒரே ஒரு வட்டத்தில் பத்து மோட்டார்களோடு தொடங்கிப் பார்க்கலாம். அது பாபநாசம் வட்டமாக இருந்தால், எங்கள் பக்கத்து வைண்டிங் கடைக்காரரிடமும் மற்ற மில்காரர்களிடமும் நானே பேசிச் சம்மதம் வாங்கித் தருகிறேன். எந்த மில்லில் என்ன மோட்டார், எத்தனை குதிரைத்திறன், எத்தனை முறை காயில் கட்டியது என்ற பட்டியலும் எழுதித் தர முடியும்.

இப்படிக்கு,
மாவு மில் நடத்தும் ஒரு வாசகி,
பாபநாசம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.